மலையில் அணைந்து போகும் ஆம்னி வேன்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, அதனால் தேவையான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

"வணக்கம் அண்ணா. அப்பா 1999-ல் வாங்கிய மாருதி ஆம்னி வேனை இப்போது நான் ஓட்டுகிறேன். கார்புரேட்டர் வண்டி, முறையாக கேஸ் கிட் போட்டு ஆர்சி புத்தகத்திலும் ஏற்றியிருக்கிறோம். நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. நாற்பது, ஐம்பது நிமிடம் ஓடி நன்றாகச் சூடான பிறகு திடீரென்று நிற்கும், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சில நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அணைகிறது, அப்போது மட்டும் சாவியை ரெண்டு தடவை திருப்பினால் உடனே வந்துவிடும். கேஸில் அடிக்கடி நிற்கிறது, பெட்ரோலில் கொஞ்சம் குறைவு. மூன்று மெக்கானிக்கிடம் காட்டினோம். கார்புரேட்டர் சர்வீஸ், பெட்ரோல் பம்ப், பிளக், பேட்டரி, ஹெச்டி காயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது, பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. போன மாதம் மாமியார் வீட்டுக்கு வால்பாறை போகும்போது கொண்டை ஊசி வளைவில் அணைந்து, பின்னால் பஸ், வண்டிக்குள் ரெண்டு பிள்ளைகள், அம்மா. வீட்டுக்காரர் விற்றுவிடு என்கிறார். அப்பா வண்டி என்பதால் எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?"

சகோதரிக்கு வணக்கம். வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் தட்டாமல் கேளுங்கள். இந்தப் பழுது பிடிபடும் வரைக்கும் அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒதுங்கி நிற்க எல்லா இடத்திலும் இடம் கிடையாது, ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வால்பாறைக்கு பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். மாமியாரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

அதற்குள் எங்காவது ஓடும்போது அணைந்தால், பதற்றத்தில் சாவியைப் பின்னால் முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். லாக் நிலைக்குப் போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், ஓடுகிற வண்டியில் அதைவிட மோசமானது வேறில்லை. பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கவும் கூடாது. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர் வைத்த வண்டி என்றால் எஞ்சின் நின்ற பிறகு ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அதில் வேக்குவம் (எஞ்சின் இழுத்து உண்டாக்கும் வெற்றிடம்) மிச்சம் இருக்கும், அப்புறம் மிதி கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் பிடிக்கும்தான், ஆனால் பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். அதனால் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள், இறக்கத்தில் கியரை நியூட்ரல் ஆக்காமல் அப்படியே விடுங்கள். நின்றதும் ஹசார்டு விளக்கைப் போட்டு, பிள்ளைகளையும் அம்மாவையும் சாலைப் பக்கம் இறங்க விடாமல் ஓரப் பக்கக் கதவு வழியாக இறக்கிவிடுங்கள்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கேஸிலும் நிற்கிறது, பெட்ரோலிலும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் முதல் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றியிருக்கவே வேண்டாம். கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டரில் இருக்கும் ஜெட்டுக்கும் வேலையே இல்லை. பெட்ரோலில் ஓடும்போது கேஸ் ரெகுலேட்டருக்கு வேலையில்லை. இரண்டு எரிபொருளிலும் ஒரே மாதிரி, அதுவும் சுவிட்சை அமர்த்தினது போலச் சட்டென்று அணைகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அங்கேதான் தேட வேண்டும். பொதுவானது கரண்ட்தான். பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி கொஞ்சம் முன்னறிவிப்பு கொடுக்கும், இழுக்கும், திணறும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இருமும். கரண்ட் போய் நிற்கும் வண்டி அப்படியெல்லாம் சொல்லிவிட்டு நிற்காது.

கேஸில் அதிகமாக நிற்கிறது என்பதால் ஒருவர் கேஸ் கிட்டையே கழற்றிவிடலாம் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். கேஸும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்துவதற்குப் பெட்ரோலைவிட அழுத்தமான பொறி வேண்டும். பொறி பலவீனமாகிக்கொண்டே வரும் வண்டியில் அது முதலில் தெரிவது கேஸில்தான், பெட்ரோலில் இன்னும் கொஞ்ச நாள் சமாளித்துக்கொண்டு ஓடும். ஆகவே கேஸில் அதிகம், பெட்ரோலில் குறைவு என்பதும் பொறி பக்கம்தான் கை காட்டுகிறது.

இன்னொன்று. உங்கள் வண்டிக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு நோய் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று பேர் பார்த்தும் பிடிபடாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். சூடாகி நின்று, ஆறிய பிறகு எழுந்து ஓடுவது ஒன்று. வேகத்தடையில் குலுங்கி நின்று, சாவியைத் திருப்பினால் வருவது வேறொன்று. முதலாவது ஏதோ ஒரு பாகம் சூட்டில் செத்து, ஆறினதும் உயிர் பெறுவது. இரண்டாவது லூஸ் கான்டாக்ட். ஒன்றைச் சரி செய்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்போது மற்றது வந்து நிறுத்தினால், செய்த வேலையே தப்பு என்று தோன்றி வேறு எதையாவது மாற்றத் தொடங்கிவிடுவார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

சூட்டு நோயை முதலில் பார்ப்போம், அதுதான் கொஞ்சம் சிக்கலானது.

உங்கள் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹெச்டி காயில். பேட்டரியின் 12 வோல்ட்டை அது இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு உயர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து அனுப்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அந்த ஒரு காயில் நிமிடத்துக்கு 4500 பொறி, நொடிக்கு 75 பொறி கொடுத்தாக வேண்டும். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு வெளியேறுவதும் கஷ்டம். மலை ஏறும்போது கியர் இறங்கி, சுற்று கூடி, வண்டியின் வேகம் குறைந்து காற்றோட்டமும் குறைந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவில் காயிலுக்குள்ளே தலைமுடி கனத்தில் சுற்றியிருக்கும் கம்பி ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறினதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உங்கள் அரை மணி நேரக் கணக்கு அதுதான்.

"காயில்தான் புதுசு மாற்றியாயிற்றே" என்பீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். காயிலில் இரண்டு வகை உண்டு. நேரடியாக 12 வோல்ட்டில் வேலை செய்வது ஒரு வகை, அதன் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் (உள்ளே முதல் சுற்றுக் கம்பியின் மின்தடை) கிட்டத்தட்ட 3 ஓம் இருக்கும். கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் பொருத்த வேண்டியது மற்றொரு வகை, அது ஒன்றரை ஓம் பக்கம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. கடைக்காரர் ரெண்டாவது வகையை எடுத்துக் கொடுத்து, மெக்கானிக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்திருந்தால், ஓட வேண்டிய கரண்ட்டைப் போல இரண்டு மடங்கு அதில் ஓடும். புது காயிலும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட்டும் கருகும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் யாரிடமாவது காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒயர்களைக் கழற்றிவிட்டு. ஒரு நிமிட வேலை.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள். கேப்பைக் கழற்றினால் பாயிண்ட் செட் இருக்கிறதா, அதற்குப் பதிலாக சிக்னல் கொடுக்கும் எலக்ட்ரானிக் பிக்கப் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பாயிண்ட் என்றால், அதில் தீப்பொறி பறந்து கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். கண்டன்சர் போனால் பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியுமாக விழுந்திருக்கும், பொறி நீலமாக இல்லாமல் மஞ்சளாக வரும். இரண்டுமே சில நூறு ரூபாய் சமாச்சாரம், ஆனால் மட்டமான கண்டன்சர் போடுவதற்குப் பழையதே இருக்கட்டும் என்பேன். எலக்ட்ரானிக் என்றால், பிக்கப் சொல்கிறபடி காயிலின் கரண்ட்டை வெட்டும் இக்னைட்டர் மாட்யூல் சூட்டில் கைவிடும் பாகம். அதை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் அந்த மாட்யூலுக்கு மட்டும் சூடு காட்டினால், மலையேறாமலே வாசலில் வைத்து அணைந்து காட்டும்.

இங்கே ஒரு பழைய அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இதே போன்ற வேன் ஒன்று பத்து நாள் என் ஷெட்டில் நின்றது. காயில் நல்லது, பிக்கப் நல்லது, மாட்யூல் நல்லது. நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மணி மாதிரி ஓடும், ரோட்டில் ஓட்டினால் நிற்கும். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிக்கப்பிலிருந்து வெளியே வரும் மெல்லிய ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. மேல் உறை அப்படியே இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து கிடக்கிறது. ரோட்டில் மிதியை ஏற்றி இறக்கும்போது பொறி விழும் நேரத்தை நகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸ், பிக்கப் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும், ஒவ்வொரு தடவையும் அந்த ஒயர் மடங்கி நிமிரும், இருபது வருடம் மடங்கினால் செம்பு தாங்குமா? கண்ணால் பார்த்தால் எந்தப் பழுதும் தெரியாது. உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாயிண்ட் வண்டியிலும் இதே இடத்தில் ஒரு சிறிய ஒயர் உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமானது, வண்டி நின்ற அந்த அரை மணி நேரம். எல்லா மெக்கானிக்குகளும் உங்கள் வண்டியை ஆறிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள், அப்போது அதற்கு நோயே இல்லை. மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அது நின்ற இடத்திலேயே, சூட்டோடு சூடாகப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் ஒரு நல்ல பழைய பிளக்கும், கைப்பிடியில் ரப்பர் உள்ள குறடும், ஒரு துணியும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உடுமலை ரோடு மாதிரி சமதளச் சாலையில், ஓரமாக நிறுத்த இடம் உள்ள பக்கமாக, கூட ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், பிள்ளைகள் வேண்டாம். நின்றதும் எரிபொருள் சுவிட்சை நடுவில் வைத்து கேஸ், பெட்ரோல் இரண்டையும் அடைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து சீட்டைத் தூக்குங்கள். கேஸ் வாடை வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். வாடை இல்லை என்றால், சாவி ஆஃபில் இருக்கும்போது காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவுக்குப் போகும் தடித்த ஒயரை கேப் பக்கம் கழற்றி, அதன் முனையில் அந்தப் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகத் தொடும்படி படுக்க வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். கூட இருப்பவர் செல்ஃப் அடிக்கட்டும். பளிச்சென்று நீலப் பொறி டக் டக்கென்று வந்தால் காயில் வரைக்கும் கரண்ட் வருகிறது, கோளாறு கேப்பிலோ அதற்குள் சுற்றும் ரோட்டாரிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. பொறியே இல்லை அல்லது மங்கலான மஞ்சள் என்றால் காயில், பாயிண்ட், மாட்யூல், அதற்கு வரும் ஒயர், இவற்றில் ஒன்று.

ஒயரை வெறுமனே கழற்றிக் காற்றில் விட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டாம். பொறி போக இடம் இல்லாவிட்டால் அந்த அழுத்தம் திரும்பி மாட்யூலையே கொன்றுவிடும்.

பொறி வரவில்லை என்றால், சாவியை ஆஃப் செய்துவிட்டு அந்தத் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, காயிலின் உடம்பைச் சுற்றி மட்டும் ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள். ஒயர் செருகும் மேல்முனையில் ஈரம் படக்கூடாது. துணியை எடுத்துவிட்டு, ஒயரைப் பழைய இடத்தில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் எடுக்கும் வண்டி ஐந்து நிமிடத்தில் எழுந்தால் காயில்தான், வேறு விசாரணை தேவையில்லை. எழவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டியதுதான்.

இனி வேகத்தடை நோய். இதற்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், சாவியைத் திருப்பினால் வருகிறது என்று. அடுத்த தடவை அப்படி நின்றால் சாவியில் கை வைக்காதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான், சாவியைத் திருப்பினதும் தேய்ந்த கான்டாக்ட் புரண்டு ஒட்டிக்கொள்கிறது, தடயம் அழிந்துவிடுகிறது. ஓரம் கட்டி நின்ற பிறகு, சாவி ஆனில் இருக்கும்போதே டேஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின் நின்று சாவி ஆனில் இருந்தால் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். எரிந்தால் சாவி சுவிட்ச் தப்பிக்கும், அங்கிருந்து காயிலுக்குப் போகும் வழியில் கோளாறு. எரியவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், அது பிரகாசமாக எரிகிறது ஆனால் டேஷ்போர்டு மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் சாவி சுவிட்சின் உள் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. ஹெட்லைட்டும் இல்லை என்றால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், மெயின் பியூஸ் என்று பின்னால் போக வேண்டும்.

உங்கள் சாவிக்கொத்தில் என்னென்ன தொங்குகிறது? வீட்டுச் சாவி, பீரோ சாவி, கோயிலில் வாங்கிய வளையம் என்று ஒரு கைப்பிடி கனம் தொங்கினால் ஒவ்வொரு குலுக்கலிலும் அது சுவிட்சை உலுக்குகிறது. இன்றைக்கே வண்டிச் சாவியைத் தனியாக்குங்கள்.

ஆனால் நான் அடித்துச் சொல்லக்கூடிய இன்னொரு இடம் இருக்கிறது, கேஸ் கிட் ஒயரிங். கேஸ் கிட் போடும்போது அதன் சுவிட்சுக்கும் கேஸைத் திறந்து மூடும் சொலினாய்டுக்கும் சாவி ஆனில் மட்டும் வரும் கரண்ட் வேண்டும். அதை எடுக்கச் சுலபமான இடம் காயிலின் பிளஸ் ஒயர். பலர் அந்த ஒயரைப் பாதியில் சீவி, புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டுக்கு அடியில் அந்தச் சூட்டில் டேப்பின் பசை உருகி நழுவும், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும், செம்பு பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த முறுக்கு பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், குலுங்கினால் கரண்ட் அறும். அந்த ஒரே முறுக்கில் காயிலும் தொங்குகிறது, கேஸ் சொலினாய்டும் தொங்குகிறது. அது ஒரு நொடி விட்டால் பொறியும் போகும், கேஸும் அடைபடும். டேப் சுற்றிய ஜாயின்ட் ஒவ்வொன்றையும் பிரித்து, கெட்ட செம்பை வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பின்னால் போட்ட மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் ஹாரன் இதே ஒயரிலிருந்து எடுத்திருந்தால் அவற்றைப் பியூஸோடு தனி லைனுக்கு மாற்ற வேண்டும். ஒயரிங்கை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்யலாம், கேஸ் குழாய், ரெகுலேட்டர், டேங்க் பக்கம் மட்டும் அங்கீகாரம் உள்ள சென்டரைத் தவிர வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும், 12-க்குக் கீழே இறங்குகிறது என்றால் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது இருக்காது என்றே படுகிறது, செல்ஃப் எப்போதும் வேகமாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி நிற்குது, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, எந்த எரிபொருளில் நின்றது, டேஷ்போர்டில் சிவப்பு எரிந்ததா, பொறி வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக் காட்டுங்கள். அதைப் படிக்காமலே "முதலில் இதை மாற்றிப் பார்க்கலாம்" என்று ஒருவர் தொடங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் பழைய காயிலும் பெட்ரோல் பம்பும் நல்ல நிலையில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

விற்பதைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, குடும்பத்தோடு மலையில் நின்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தப் பழுதுக்காக விற்க வேண்டியதில்லை. 1984-ல் வந்து 2019 வரை தயாரான வண்டி அது, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து சாவி சுவிட்ச் வரை இன்றைக்கும் கோவையில் கிடைக்கும். விற்பதா வேண்டாமா என்பதை பாடியின் அடித்தளத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அடுத்த தடவை லிஃப்ட்டில் ஏற்றும்போது நீங்களே கீழே போய் நின்று பாருங்கள். சேஸிஸ் பட்டையும் சீட் பெல்ட் மாட்டும் இடமும் துருப்பிடித்து, ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே இறங்குகிறது என்றால் அப்பா வண்டியானாலும் பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம். அடி உறுதியாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகும் உடனே வால்பாறைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நல்ல வெயில் நேரத்தில், கேஸில் ஒரு நாள், பெட்ரோலில் ஒரு நாள், பொள்ளாச்சியிலிருந்து பழநி வரை போய் வாருங்கள். வழியில் எந்த வேகத்தடையையும் கூடுதலாக மெதுவாக்கித் தப்பிக்க விடாமல் வழக்கம் போல ஏற்றி இறக்குங்கள். இரண்டு வாரம் அணையாமல் ஓடினால் ஆழியாறு வரை, அப்புறம் மலை. காயிலின் ஓம் அளவும் டேஷ்போர்டு விளக்கு எரிந்ததா இல்லையா என்பதும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.